உளவாளியின் செவியும் விமர்சகரின் செவியும்: ஹான்ஸ் ஐஸ்லர் கோப்பை முன்வைத்து

அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையாகிய எஃப்.பி.ஐ., ஹான்ஸ் ஐஸ்லர் (1898–1962) என்னும் இசையமைப்பாளரைக் குறித்துத் திரட்டி வைத்திருந்த கோப்பு அறுநூறு பக்கங்களைத் தாண்டுவது. அந்நாட்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தின் துணையால் பிற்காலத்தில் அது ஆய்வாளர் கைகளுக்கு எட்டியது. எட்டிய பக்கங்களிலும் பல வரிகள் கருமை பூசி மறைக்கப்பட்டே இருந்தன. ஓர் இசைவாணர்மீது ஓர் அரசு இத்துணைக் காகிதத்தைச் செலவிட்டிருக்கிறதென்றால் அவருடைய இசையில் எதையோ அது கேட்டிருக்க வேண்டும் என்றே நாம் முதலில் எண்ணுவோம். அப்படி எதையும் அது கேட்கவில்லை. அவர் யாரோடு பழகினார், எந்தக் கூட்டத்தின் துண்டறிக்கையில் அவர் பெயர் அச்சாகியிருந்தது, குடியேற்ற அலுவலரிடம் அவர் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பனவே அக்கோப்பின் அக்கறைகள்.

ஐஸ்லரைப் பற்றி எழுதுவோர் இக்கோப்பைக் கொடுமையின் சான்றாகக் காட்டிவிட்டு அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுவது வழக்கம். கொடுமைதான், அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் நாம் இங்கே எழுப்ப விழைவது சற்றே வேறான கேள்வி. ஐஸ்லரைத் துரத்தியவர்கள் அவர் ஆபத்தானவர் என்றார்கள். அவரைக் காக்க முன்வந்தவர்கள் அவர் இசையன்றி வேறொன்றும் அறியாத கலைஞர் என்றார்கள். இவ்விரு சாராருள் அவருடைய படைப்புக்குச் செவிசாய்த்தவர் எவர்? நம் கருத்தில் இரு சாராருமே செவிசாய்க்கவில்லை. செவிசாய்த்த ஒருவர் இருந்தார். அவர் ஐஸ்லரின் உடன்பிறந்த சகோதரி. அவருக்கு எதிராகப் பேசியவர். இவ்வழக்கில் நம்மை நெடுநேரம் நிறுத்திவைப்பது இதுவே.

முதலில் ஆளை அறிந்துகொள்வோம். ஐஸ்லர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்து வியன்னாவில் வளர்ந்தவர். தந்தை ருடால்ஃப் ஐஸ்லர் யூதக் குடும்பத்தில் தோன்றிய தத்துவ அறிஞர். தத்துவக் கலைச்சொற்களுக்குப் பேரகராதி தொகுத்தவர். முதல் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றித் திரும்பிய ஐஸ்லர், 1919 முதல் 1923 வரை ஆர்னால்ட் ஷோன்பெர்க்கிடம் பாடம் கேட்டார். மேற்கத்திய இசையின் நூற்றாண்டுக்கால இலக்கணத்தைக் குலைத்துப் பன்னிரு சுர முறையை வகுத்த அந்த ஆசானின் முதன்மையான மாணாக்கருள் ஐஸ்லரும் ஒருவராக எண்ணப்பட்டார். ஆனால் 1925இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்த பின் ஆசானின் உலகம் அவருக்குப் போதவில்லை. கற்றோர் சிலர் மட்டும் கூடிக் கேட்கும் இசை யாருக்காக என்று அவர் வினவத் தொடங்கினார். 1926இல் இருவருக்கும் இடையே முறிவு நேர்ந்தது. அதே ஆண்டில் ஐஸ்லர் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர விண்ணப்பித்தார். இந்த விண்ணப்பத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின் வாஷிங்டனில் ஒரு மேசையின்மீது அது மீண்டும் வைக்கப்படும்.

அக்காலத்தில் அவர் இயற்றிய 'செய்தித்தாள் துணுக்குகள்' என்னும் பாடல் வரிசை, மணமகன் தேவை விளம்பரம் போன்ற நாளிதழ்ச் செய்திகளுக்கே இசையமைத்த ஒன்று. இலக்கியப் பாடல் மரபைப் பகடி செய்வதாக முதலில் தோன்றினாலும், கேட்கக் கேட்க அதில் ஓர் இரக்கம் புலப்படுகிறது. பின்னர்த் தொழிலாளர் பாடகர் குழுக்களுக்கான சேர்ந்திசைப் பாடல்கள், நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்டோடு இணைந்து 'தாய்' நாடகம் (1932), 'கூலே வாம்பே' திரைப்படம் (1932) எனப் பணி விரிந்தது.

இவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது, 1930 டிசம்பரில் பெர்லினில் அரங்கேறிய 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்னும் இசைநாடகம். சீனாவில் இரகசியப் பணியாற்றித் திரும்பிய நான்கு கிளர்ச்சியாளர்கள், தங்களோடு வந்த இளந்தோழர் ஒருவரைத் தாங்களே கொன்றுவிட்டதாக ஒரு கட்டுப்பாட்டுக் குழுவிடம் அறிவிக்கிறார்கள். அக்குழுவாக மேடையில் நிற்பது பெரும் பாடகர் கூட்டம். இளந்தோழர் துரோகியல்லர், துன்பத்தைக் கண்டதும் பொறுக்கமாட்டாமல் இரக்கப்பட்டுச் செயல்பட்டு இயக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறவர். நால்வரும் நடந்ததை நடித்துக் காட்டுகிறார்கள். கூட்டம் கேட்கிறது, வினவுகிறது, இறுதியில் செய்தது சரியே என்று ஒப்புகிறது. ஐஸ்லரின் இசை இதில் உணர்ச்சியைப் பெருக்குவதில்லை. பாக்கின் திருவிசை நாடகங்களை நினைவூட்டும் இறுக்கமான கட்டமைப்போடு, தாளம் தவறாத குளிர்ந்த குரலில் அது நடக்கிறது. அழகியல் நோக்கில் அது இருபதாம் நூற்றாண்டு இசையரங்கின் பெரும்படைப்புகளுள் ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. அறநோக்கில் அது நம்மை அச்சுறுத்துகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லத் துணியாத எவரும் ஐஸ்லரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஐஸ்லரின் நாடுகடந்த வாழ்வு தொடங்கியது. 1935இல் சொற்பொழிவுப் பயணமாக அமெரிக்கா சென்றார். 1938இல் வருகையாளர் அனுமதியோடு மீண்டும் சென்று நியூயார்க்கின் நியூ ஸ்கூல் நிறுவனத்தில் கற்பித்தார். அனுமதிக் காலம் முடிந்ததும் சிக்கல் எழுந்தது. 1939இல் மெக்சிகோவுக்குச் சென்று அங்கே கற்பித்தபடி காத்திருந்தார். அன்றைய அதிபரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட், வெளியுறவுத் துறையின் உயர் அலுவலரான சம்னர் வெல்சுக்கு இவர் பொருட்டுக் கடிதம் எழுதினார். 1940இல் குடியேற்ற அனுமதியோடு ஐஸ்லர் எல்லை கடந்தார். அவ்வாண்டில்தான் அயலார் பதிவுச் சட்டமும் நிறைவேறியது. அரசைக் கவிழ்க்க நினைக்கும் அமைப்பில் எக்காலத்தில் உறுப்பினராக இருந்திருந்தாலும் அயலாரை வெளியேற்றலாம் என்றது அச்சட்டம். மனிதரின் இன்றைய செயலை விட்டுவிட்டு அவருடைய கடந்த காலத்தைத் துருவும் சட்டங்கள் இயற்றப்படும்போது, உளவுத் துறைக்கு வேலை பெருகுவது இயல்பே. கோப்பு தடிப்பதற்கும் காரணம் இதுதான்.

போர்க்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் சுற்றுவட்டாரத்தில் குடியேறியிருந்த ஜெர்மன் எழுத்தாளர், கலைஞர் பலரும் எஃப்.பி.ஐ.யின் கண்காணிப்பில் இருந்தனர். ஹிட்லரிடமிருந்து தப்பியோடி வந்த அவர்களையே ஐயுற்றுக் கண்காணித்தது எத்தகைய முரண் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன, கடிதங்கள் பார்வையிடப்பட்டன, அண்டைவீட்டாரும் பழகியோரும் விசாரிக்கப்பட்டனர். பிரெக்டின் மனைவி ஹெலெனே வைகெல், ஒட்டுக்கேட்போரை அலைக்கழிப்பதற்காகத் தொலைபேசியில் போலிஷ் மொழிச் சமையல் குறிப்புகளை வாசித்துக் காட்டினார் என்றொரு செய்தி வழங்கி வருகிறது. இத்தகைய கோப்புகளின் நடையில் ஒன்று கவனத்திற்குரியது. தகவல் தந்தவர் பெயர் இராது. நம்பகமானவர் என்ற சான்றிதழ் மட்டும் இருக்கும். அந்த நம்பகத்தை நிறுவுவது யார் என்றால், தகவலைப் பெற்ற அதே அலுவலர். அறிவிப்பாளர் வரிசையைத் துருவித் துருவி எடைபோடும் கலையில் பயின்றவர்களுக்கு இது வியப்பூட்டும். பெயர் அறியப்படாத அறிவிப்பாளரை நம் முன்னோர் 'மஜ்ஹூல்' என்று ஒதுக்கினர். இங்கோ பெயர் அறியப்படாமையே செய்திக்குப் பெறுமதியைக் கூட்டுகிறது.

அந்த ஆண்டுகளில் ஐஸ்லர் என்ன செய்துகொண்டிருந்தார்? கோப்பைத் தள்ளிவைத்துவிட்டு அவருடைய மேசையை நோக்குவோம்.

1940 முதல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நல்கையோடு திரைப்பட இசையைக் குறித்து அவர் ஆய்வு மேற்கொண்டார். அதன் கனிகளுள் ஒன்று 'மழையை விவரிக்கும் பதினான்கு வழிகள்' (1941). ஆம்ஸ்டர்டாமில் பெய்யும் மழையை யோரிஸ் ஐவன்ஸ் எடுத்த 1929ஆம் ஆண்டின் மௌனப் படத்துக்கு ஐந்து கருவிகளால் இயற்றிய இசை அது. புல்லாங்குழல், கிளாரினெட், வயலின் வகைக் கருவி, செல்லோ, பியானோ ஆகியவை ஷோன்பெர்க்கின் புகழ்பெற்ற 'பியரோ' படைப்பின் கருவிகள். முறையும் ஆசானின் பன்னிரு சுர முறையே. 1944இல் ஷோன்பெர்க்கின் எழுபதாம் பிறந்தநாளுக்கு இதையே காணிக்கையாக்கினார். முறிந்த உறவு இசையின் வழியே ஒட்டப்பட்டது. மழைக்கு அரசியல் இல்லை என்பார் இருக்கலாம். சுற்றிலும் உலகம் பற்றி எரிகையில் ஒருவர் மழைத்துளியைப் பதினான்கு விதமாகக் கேட்கிறார் என்றால், அது துயரத்தின் ஒரு வடிவம் என்றே நாம் கொள்கிறோம்.

ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'கொலைகாரர்களும் சாவர்' (1943) திரைப்படத்துக்கு இசையமைத்தவரும் ஐஸ்லரே. பிராக் நகரில் நாஜி ஆளுநர் ஹைட்ரிக் கொல்லப்பட்டதைச் சொல்லும் படம். தொடக்கத்தில் ஹிட்லரின் பெரிய உருவப்படம் திரையை நிறைக்கும்போது, இசை பத்து வெவ்வேறு சுரங்கள் விரிந்த ஒரே சுரக்கோவையில் வந்து நின்றுவிடுகிறது. செவிக்கு அது ஓர் ஊறு. மருத்துவமனையில் ஹைட்ரிக் சாகக் கிடக்கும் காட்சி பதினான்கு நொடிகளே நீள்வது. இங்கே வழக்கமான திரையிசை செய்வது என்ன? சாகும் மனிதனுக்காக வயலின்கள் விம்மும். பார்ப்பவர் நெஞ்சில், அவன் யாராயினும், இரக்கம் சுரந்துவிடும். ஐஸ்லர் மிக உயர்ந்த சுரநிலையில், ஏறக்குறைய நேர்த்தியான, கிறீச்சிடும் ஒலிகளை எழுதினார். எலி ஒன்று சாகும்போது எழக்கூடிய ஒலி. இரக்கத்தை எங்கே சுரக்க விடுவது, எங்கே நிறுத்துவது என்னும் முடிவை இசையமைப்பாளர் தம் கையில் எடுத்துக்கொள்கிறார். 'எடுக்கப்பட்ட நடவடிக்கை'யில் இளந்தோழரின் இரக்கத்தைக் குற்றமாக்கிய அதே கை இங்கும் இயங்குகிறது. இம்முறை நாம் அக்கைக்கு உடன்படுகிறோம். ஏன் உடன்படுகிறோம், அங்கே ஏன் நடுங்கினோம் என்பது ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அமெரிக்கத் திரையுலகமோ இவ்விசையை ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைத்தது. மறு ஆண்டின் 'தனித்த நெஞ்சமன்றி' படத்தின் இசைக்கும் அதே பரிந்துரை கிடைத்தது.

ஆனால் அக்கால ஐஸ்லரின் உயிர் இருப்பது 1942, 1943 ஆண்டுகளில் அவர் இயற்றிய 'ஹாலிவுட் பாடல் நூலில்'தான். ஏறக்குறைய ஐம்பது சிறு பாடல்கள். ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டுமே. பெரும்பாலானவை பிரெக்டின் கவிதைகள். ஹோல்டர்லின், கோதே, பாஸ்கல் ஆகியோரின் வரிகளும் உண்டு. பல பாடல்கள் இரண்டு நிமிடத்தைக் கூட எட்டுவதில்லை. தப்பியோடும்போது உடையாமல் காத்துக்கொண்டு வந்த ஒரு சிறு வானொலிப் பெட்டியை விளித்துப் பாடும் பாடல் இவற்றுள் ஒன்று. எதிரியின் வெற்றிச் செய்திகளை அன்றாடம் சுமந்துவரும் அப்பெட்டி திடீரென ஊமையாகிவிடக் கூடாதே என்று அகதி வேண்டுகிறான். இசை இங்கே அழுவதில்லை. தாலாட்டுப் போல மெல்ல அசைகிறது. (1987இல் பிரித்தானியப் பாடகர் ஸ்டிங் இம்மெட்டைக் காதற்பாடலாக்கினார். மெட்டு அதையும் தாங்கிக்கொண்டது.) எதிரியின் குரலைக் கேட்டபடி கட்டிலருகே விழித்திருக்கும் அகதி ஒருபுறம், அந்த அகதியின் குரலைக் கேட்டபடி எங்கோ விழித்திருக்கும் அரசு ஊழியர் மறுபுறம். ஹோல்டர்லின் பாடல்களில், நாஜிகள் தமதாக்கிக் கொண்டிருந்த ஜெர்மன் கவிஞரை அவர்களிடமிருந்து பறித்து, வரிகளை வெட்டிச் சுருக்கி, தாய்நாடு என்னும் சொல்லை மீண்டும் உச்சரிக்கக் கற்கிறார் ஐஸ்லர். ஷூபர்ட்டுக்குப் பின் வந்த ஜெர்மன் பாடல் மரபில் இவற்றுக்கு நிகரானவை சிலவே. கோப்பு தடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் எழுதப்பட்டவை இவை.

இனி 1947. ஹான்சின் அண்ணன் கெர்ஹார்ட் ஐஸ்லர் கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஊழியர். 1946 இலையுதிர் காலத்தில், கட்சியை விட்டு வெளியேறிய லூயிஸ் பூடென்ஸ் என்பவர் கெர்ஹார்டை அமெரிக்கக் கம்யூனிஸ்டுகளை மறைவிலிருந்து இயக்குபவர் என்று குற்றஞ்சாட்டினார். 1947 பிப்ரவரியில் அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் காங்கிரஸ் குழுவின் முன் தோன்றி அக்குற்றச்சாட்டை உறுதிப்படுத்தியவர் இவர்களின் மூத்த சகோதரி ரூத் ஃபிஷர். அவர் சாதாரணப் பெண்மணியல்லர். 1918இல் ஆஸ்திரியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவர், 1924–25இல் ஜெர்மன் கட்சியின் தலைமையில் இருந்தவர், 1926இல் வெளியேற்றப்பட்டவர். அவருடைய வாழ்க்கைத் துணைவர் அர்க்காடி மாஸ்லோவ் 1941இல் ஹவானாவில் இறந்தார். ஸ்டாலினின் ஆட்களே கொன்றனர் என்று அவர் உறுதியாக நம்பினார். ஐஸ்லர் குடும்ப உறவுகள் ஷேக்ஸ்பியரின் அரசர் நாடகங்களைப் போன்றவை என்று சாப்ளின் சொன்னதாக வழங்கும் கூற்று மிகையன்று.

அண்ணனைத் தொடர்ந்து தம்பியும் அழைக்கப்பட்டார். 1947 மே மாதத்தில் ஹாலிவுட்டில் மூடிய அறையிலும், செப்டம்பர் 24 முதல் 26 வரை வாஷிங்டனில் வெளிப்படையாகவும் விசாரணை நடந்தது. தலைவர் ஜே. பார்னெல் தாமஸ், முதன்மை விசாரணையாளர் ராபர்ட் ஸ்டிரிப்ளிங். உறுப்பினருள் ஒருவர் ரிச்சர்ட் நிக்சன் என்னும் இளைஞர். குழுவின் நோக்கத்தில் பாதி, மறைந்த அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிர்வாகத்தைக் களங்கப்படுத்துவது. எலினோரின் கடிதங்கள் அவையில் வாசிக்கப்பட்டன. மறுபாதியின் ஆதாரங்கள் மூன்று: 1926ஆம் ஆண்டின் அந்த விண்ணப்பம், ஐஸ்லரைக் கம்யூனிஸ்ட் என்று குறித்த சோவியத் கலைக்களஞ்சியப் பதிவு, பின் பாடல் வரிகள். ஆம், குழு பாடல்களை வாசித்தது, கேட்கவில்லை. கருக்கலைப்பைத் தண்டிக்கும் ஜெர்மன் சட்டப் பிரிவைச் சாடும் பாடலின் மொழிபெயர்ப்பு உறுப்பினர்க்கு அருவருப்பூட்டியது. இசைத்துறையின் காரல் மார்க்ஸ் என்று ஸ்டிரிப்ளிங் வருணித்தபோது, அது தமக்குப் பெருமையே என்னும் பொருள்பட ஐஸ்லர் விடையிறுத்தார். தாம் எழுதிவந்த அறிக்கையை வாசிக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 'ஜி-மென் சுரத்தில் ஒரு ஃபேண்டசியா' என்னும் தலைப்பில் அது பின்னர் இதழொன்றில் வெளிவந்தது. இசைத் தலைப்புகளில் வரும் 'ஜி மைனர்' என்பதையும் எஃப்.பி.ஐ. ஊழியரைக் குறிக்கும் வழக்குச் சொல்லையும் பிணைத்த சிலேடை அது.

இவ்விசாரணையில் ஐஸ்லர் அளித்த விடைகளைப் பற்றி நம் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. விண்ணப்பித்தது உண்மை, ஆனால் கட்சி வாழ்வில் பங்கெடுக்கவில்லை, ஆகவே உறுப்பினனல்லேன் என்பது அவர் வாதம். எழுத்தளவில் அது உண்மையாகவே இருக்கலாம். இன்னொன்றும் சொன்னார். தலைமறைவில் உயிரைப் பணயம் வைத்துப் போராடும் கம்யூனிஸ்டுகள் வீரர்கள். தாம் வீரரல்லர், இசையமைப்பாளர். தம்மைக் கம்யூனிஸ்ட் என்று அழைத்துக்கொண்டால் அது ஏமாற்றாகும் என்றார். இவ்விடையில் பணிவும் உண்டு, தந்திரமும் உண்டு, எதிரியைச் சீண்டும் மிடுக்கும் உண்டு. ஆனால் 'எடுக்கப்பட்ட நடவடிக்கை'யின் இசையை எழுதியவர், தாம் வெறும் இசையமைப்பாளர் என்று சொல்லும்போது தம் படைப்பையே சிறுமைப்படுத்துகிறார். அவருடைய இசை அரசியலுக்கு வெளியே நின்ற இசையன்று. அங்கேதான் அதன் பெருமையும் இருக்கிறது, சுமையும் இருக்கிறது. வெளியேற்றப்படும் அச்சத்தில் நிற்கும் ஒருவரிடம் இந்நேர்மையை எதிர்பார்ப்பது கொடிது என்று எவரேனும் சொல்வாராயின் நாம் மறுக்கமாட்டோம். குறை அவரிடம் என்பதைவிட, நேர்மையான விடைக்கு இடமே இல்லாதபடி வகுக்கப்பட்ட கேள்வியிடம் என்பதே பொருந்தும்.

ஆதரவாளர்களின் வாதமும் இதே வழியில் நடந்தது. ஐன்ஸ்டைன், தாமஸ் மன், சாப்ளின் முதலானோர் குரல் கொடுத்தனர். 1948 பிப்ரவரியில் நியூயார்க் டவுன் ஹால் அரங்கில் கோப்லாண்ட், பெர்ன்ஸ்டைன் உள்ளிட்ட அமெரிக்க இசையமைப்பாளர்கள் முன்னின்று ஐஸ்லர் இசைநிகழ்ச்சியை நடத்தினர். துணிவான செயல், கோப்லாண்ட் பின்னாளில் தாமே விசாரணைக்கு உட்பட நேர்ந்தது. ஆயினும் மேதையாகிய கலைஞரை அரசியல் காரணத்துக்காகத் துன்புறுத்தலாமா என்பதே அவ்வணியினரின் பொதுக் குரல். மேதை அல்லாத ஒரு தையற்காரரை அதே காரணத்துக்காக வெளியேற்றலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஷோன்பெர்க் 1947இல் எழுதிய தனிக்கடிதமொன்றில், உலகைத் திருத்தப் புறப்பட்ட இந்த மாணாக்கரைச் சிறுவனைப் போல் அடித்து உட்காரவைத்து இசையை மட்டும் எழுதச் சொல்ல வேண்டும் என்று சினந்துகொண்டார். ஆசானின் சினமும் ஆதரவாளரின் பரிவும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: இசை வேறு, அரசியல் வேறு.

இப்போது ரூத் ஃபிஷரிடம் திரும்புவோம். 'எடுக்கப்பட்ட நடவடிக்கை'யில் மாஸ்கோ விசாரணைகளின் முன்னோட்டத்தைக் கண்டவர் அவர். பிரெக்டை ஸ்டாலினின் இரகசியக் காவல் துறையின் பாணர் என்று ஏசினார். 1948இல் வெளியான தம் பெருநூலிலும் அந்நாடகத்தை விரிவாக ஆராய்ந்தார். ஏச்சை நீக்கிவிட்டுப் பார்த்தால், அவருடைய வாசிப்பில் உண்மை இருக்கிறது. கட்சியின் நலனுக்காகக் குற்றமற்றவர் தம் சாவுக்குத் தாமே ஒப்புதல் தரும் காட்சி 1930இல் மேடையில் பாடப்பட்டது. 1936 முதல் 1938 வரை மாஸ்கோ நீதிமன்றத்தில் நடந்தது. ஐஸ்லரைப் பற்றி அன்போடு எழுதிய சோவியத் எழுத்தாளர் செர்கெய் திரெத்யாக்கோவ் 1937இல் சுட்டுக்கொல்லப்பட்டார். ஐஸ்லர் பொதுவெளியில் மௌனமே காத்தார். இக்கேள்விகளை அவரிடம் எழுப்ப ஒருவர் வேண்டியிருந்தார்; சகோதரி எழுப்பினார். ஐஸ்லரின் கலையை அதன் முழுக் கனத்தோடு ஏற்று, அதனாலேயே அதை எதிர்த்த ஒரே வாசகி அவர்.

ஆயினும் எங்கே எழுப்பினார் என்பது முக்கியம். நூலில் எழுதும்போது அது விமர்சனம். வாசகர் மறுக்கலாம், படைப்பாளி விடையளிக்கலாம், காலம் தீர்ப்புச் சொல்லலாம். நாடுகடத்தும் அதிகாரத்துக்குத் துணைபோகும் குழுவின் முன் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு உடன்பிறந்தாருக்கு எதிராகப் பேசும்போது அது சாட்சியம். அங்கே நாடகத்தின் உட்பொருள் குற்றப்பத்திரிகையின் ஓர் உட்பிரிவாகச் சுருங்கிவிடுகிறது. அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பிரெக்ட் அக்குழுவின் முன் நின்றபோது இது வெளிப்பட்டது. 'எடுக்கப்பட்ட நடவடிக்கை'யைப் பற்றி வினவப்பட்டதும் பழைய ஜப்பானிய நாடகமொன்றின் தழுவல் என்று பேச்சை வேறொரு படைப்பின் பக்கம் திருப்பிவிட்டு, மறுநாளே நாட்டைவிட்டுப் போய்விட்டார். இருபதாம் நூற்றாண்டின் மிகக் கடினமான அறக்கேள்விகளுள் ஒன்றை எழுப்பிய நாடகம், அதிகார அவையில் ஏறியபோது, ஒரு பொய்யையும் சில சிரிப்பொலிகளையும் தவிர வேறெதையும் தரவில்லை.

1948இல் ஐஸ்லரும் மனைவி லூவும் வெளியேற ஆணை பிறந்தது. மார்ச் 26இல் நியூயார்க் லாகுவார்டியா விமான நிலையத்திலிருந்து புறப்பட்டனர். 1933இல் ஹிட்லரின் கூட்டம் தம் தலைக்கு விலை வைத்தது தமக்குப் புரிந்தது, இந்த அழகிய நாட்டிலிருந்து இவ்வளவு நகைப்புக்குரிய முறையில் விரட்டப்படுவதே வருத்தம் தருகிறது என்னும் கருத்தில் அங்கே பேசினார். முந்திய ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வெளியிட்ட 'திரைப்படத்துக்கு இசையமைத்தல்' நூலிலிருந்து இணையாசிரியர் அடோர்னோ தம் பெயரை விலக்கிக்கொண்டிருந்தார்; இருவர் பெயரும் ஒன்றாக அச்சேற 1969 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குழுத் தலைவர் தாமஸ், போலி ஊழியர் பெயரில் சம்பளம் சுருட்டிய குற்றத்துக்காகச் சிறை சென்றார். அவருடைய குழுவுக்கு விடையளிக்க மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட திரைக்கதை ஆசிரியர் இருவர் அதே சிறையில் இருந்தனர்.

பொதுவாக எழுதுவோர் இவ்விடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் கதை எளிதாகிவிடும். கிழக்கு ஜெர்மனியில் ஐஸ்லர் போற்றப்பட்டார். 1949இல் அந்நாட்டின் தேசிய கீதத்துக்கு இசையமைத்தவரே அவர்தான். (பின்னாளில் ஒன்றுபட்ட தாய்நாடு என்னும் கருத்து அரசுக்கு ஒவ்வாததாகி, கீதம் சொற்கள் இல்லாமல் இசைக்கப்பட்டு வந்தது.) 1952இல் 'யோகான் ஃபவுஸ்டுஸ்' என்னும் இசைநாடகத்துக்கான நூலைத் தாமே எழுதி வெளியிட்டார். ஜெர்மன் உழவர் போரின் தோல்விக்குப் பின், மக்களைக் கைவிட்ட அறிவாளியாக ஃபவுஸ்டைக் காட்டியது அந்நூல். இங்கே அரசு ஒட்டுக்கேட்கவில்லை. உண்மையாகவே வாசித்தது, வரி வரியாக வாசித்தது. 1953இல் கலைக் கழகத்தில் கூட்டங்கள் நடந்தன, கட்சி நாளிதழ் தாக்கியது, ஜெர்மன் பண்பாட்டின் நாயகனை இழிவுபடுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. பிரெக்ட் அவருக்காக வாதாடினார், பயனில்லை. பேசியோர் அனைவரும் தோழர்கள், கற்றோர், ஐஸ்லரின் இசையை அறிந்தவர்கள். வாஷிங்டனின் அறியாமை அவரை நாட்டைவிட்டுத் துரத்தியது. பெர்லினின் அறிவோ அவரை இசையைவிட்டே துரத்தப் பார்த்தது. விமர்சனம் தீர்ப்பாக மாறிய இரண்டாவது அவை அது. முதலாவது அவையில் சிலேடையும் மிடுக்கும் அவருக்குக் கைகொடுத்தன. இங்கே எதிரில் இருந்தவர்கள் தம்மவர் ஆதலால் அவையும் உதவவில்லை.

அவர் வியன்னாவுக்குச் சென்றார். அங்கிருந்து அவ்வாண்டு இறுதியில் கட்சியின் மத்தியக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், இசை எழுதும் உந்துதல் தம்மிடம் எஞ்சவில்லை என்று தெரிவித்தார். உந்துதல் முற்றும் அற்றுவிடவில்லை. நாஜி வதைமுகாம்களைப் பற்றிய அலென் ரெனேயின் 'இரவும் பனிமூட்டமும்' படத்துக்கு 1955இல் அவர் தந்த இசை, காட்சியின் கொடூரம் கூடக் கூடத் தன் குரலைத் தாழ்த்திக்கொள்வது. நாடுகடந்த ஆண்டுகளில் எழுதிய 'ஜெர்மன் சிம்ஃபனி' 1959இல் பெர்லினில் அரங்கேறியது. இறுதியில் 'தீவிரப் பாடல்கள்' வந்தன. அவற்றிலும் ஹோல்டர்லின் இருந்தார். 1961இல் ரூத் பாரிசில் இறந்தார். மறு ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் ஹான்ஸ் கிழக்கு பெர்லினில் இறந்தார். 'யோகான் ஃபவுஸ்டுஸ்' நூலாகவே நின்றுவிட்டது. அதற்கான இசையை அவர் எழுதி முடிக்கவில்லை.